ஏழரைக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்டபோது

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "ஆபீஸ் டைமை மாத்திக் கேட்க சட்டத்துல இடம் இருக்கா?" தனியார் வேலை என்றால், இல்லை. சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு கேட்க சட்டம் இருக்கிறது. ஒன்பதுக்குப் பதிலாக ஏழரைக்கு வருகிறேன், சீக்கிரம் விடுங்கள் என்று கேட்க எந்தப் பிரிவும் இல்லை. அதைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2024 ஜூலை முதல் தேதி வேலைக்குத் திரும்பினேன். நேரத்தை மாற்றிக் கேட்டேன், கொடுத்தார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய தாராள மனசு என்று நான் நினைக்கவில்லை. மேனேஜருக்கு என்னென்ன கவலை வரும் என்று விடுப்பில் இருந்தபோதே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போனேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டத்தை 2017இல் திருத்தினார்கள். அதன்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். திரும்பி வந்த பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, சாப்பாட்டு இடைவேளை போக தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அங்கே தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்வரலாம். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருவரும் ஒத்துக்கொண்டு, விடுப்புக்குப் பிறகு சில காலம் வீட்டிலிருந்தே வேலை செய்யவும் வழி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்த அம்சங்கள் அதிலும் அப்படியே இருக்கின்றன, ஆனால் பிரிவு எண்கள் வேறு, அதனால் எண்களைப் பழைய சட்டத்திலிருந்து எடுத்து மெயிலில் போடாதீர்கள்.

என் நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு முழுதாக ஒரு வருடம் மகப்பேறு விடுப்பு. என் கதையைக் கேட்டுவிட்டு, "ஆறு மாசத்துல எப்படி அண்ணி விட்டுட்டுப் போவீங்க?" என்றாள். எப்படி என்று எனக்கும் அப்போது பதில் தெரியாது.

வாரக் கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி முழுதாக எடுத்துவிட்டால், குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்த கையோடு வேலைக்குப் போக வேண்டியிருக்கும். டாக்டர் சரி என்றதால் நான் டிசம்பர் கடைசி வரை ஆபீஸ் போனேன். மகள் பொங்கலுக்கு மறுநாள் பிறந்தாள். ஜூலையில் திரும்பியபோது அவளுக்கு ஐந்தரை மாதம், அப்போது தாய்ப்பால் மட்டும்தான்.

வீடு பெரம்பூரில். ஆபீஸ் நேரம் ஒன்பது முதல் ஆறு. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஷேர் ஆட்டோ பிடித்து, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் கூட்டத்தோடு கூட்டமாக ரயில் ஏறி, வீடு சேர ஏழேகால் ஆகிவிடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தை இருக்கிறார். ஆனால் அவருக்குச் சர்க்கரை, முட்டிவலி. மதியம் வரை தெம்பாக இருப்பார், நாலரை ஐந்துக்கு மேல் கால் வீங்கிவிடும். குழந்தையும் சரியாக அந்த நேரத்தில்தான் சிணுங்கும். காலையில் பிரச்சினை இல்லை, கணவர் எட்டரை வரை வீட்டில் இருப்பார். ஆக எங்களுக்கு உதைத்தது மாலை மட்டும். இதைக் கண்டுபிடிக்கவே ஒரு நோட்டில் மணிவாரியாக, யார் வீட்டில், யார் வெளியில், யாருக்கு எப்போது முடியாது என்று எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. பலர் "கொஞ்சம் ஃப்ளெக்ஸிபிளா கொடுங்க சார்" என்று பொதுவாகக் கேட்கிறார்கள். அதைக் கேட்கும் மேனேஜருக்கு, இவர் எந்த நாள் எத்தனை மணிக்கு வருவார் என்றே தெரியாது என்றுதான் தோன்றும். "ஏழரை டு நாலரை" என்றால் அவர் மனசில் ஒரு படம் வந்துவிடும்.

அந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் ஆபீஸை எழுதினேன். கணக்குப் பிரிவில் மாதம் என்பது தேதிகளால் ஆனது. 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரக் கணக்கு. 14ஆம் தேதி, சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி ஜிஎஸ்டி தளத்தில் வந்ததும் எங்கள் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி 3பி, அதாவது அந்த மாத ஜிஎஸ்டியைக் கட்டும் கணக்கு. இதற்கு மேல் மாதக் கடைசி. இந்த நாட்களில் நான்கு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் யாருக்கும் பிடிக்காது, நியாயமும் இல்லை. மற்ற நாட்களில் என் வேலையில் பெரும்பகுதி பில் பதிவு, சரிபார்ப்பு, சப்ளையர் கணக்கு. இதையெல்லாம் காலையில் யாரும் கூப்பிடாத நேரத்தில் செய்தால் சீக்கிரம் முடியும். சப்ளையர்கள் போன் செய்ய ஆரம்பிப்பதே பத்து மணிக்கு மேல்தான். கடைசி நாள் மாலை ஜிஎஸ்டி தளம் எப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குக் காலை ஏழரை மணியின் அருமை புரியும்.

எப்போது கேட்பது? திரும்பிய முதல் நாளில் கேட்காதீர்கள். அன்றைக்கு உங்களுக்கும் மனசு நிலைகொள்ளாது, அவர்களும் "முதல்ல செட்டில் ஆகும்மா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த அப்புறம் வரவே வராது. நான் மே மாதம் பேச ஆரம்பித்தேன். மேனேஜரிடம் போவதற்கு முன் எங்கள் பிரிவில் பக்கத்து மேஜை அண்ணனிடம் பேசினேன். நான் நாலு மணிக்குப் போனால் அதற்குப் பிறகு வரும் கேள்விகளெல்லாம் அவர் தலையில்தான் விழும். அவர் நேராகவே கேட்டார்: "எனக்கு என்னம்மா லாபம்?" காலையில் வங்கி ஒப்பீட்டு அறிக்கையை அவர் வருவதற்குள் முடித்து மேஜையில் வைத்துவிடுகிறேன் என்றேன். அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. சரி என்றார். எனக்குத் தெரிந்து நிறைய பேர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேனேஜர் ஒத்துக்கொண்டும் பக்கத்து மேஜை முகம் சுளித்து மூன்றே மாதத்தில் ஏற்பாடு கவிழ்ந்ததை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மேனேஜருக்குப் போன். போனில் கேட்கவில்லை, "திரும்பி வர்றது பத்தி ஒரு மெயில் அனுப்புறேன் சார், படிச்சிட்டு ஒரு நாள் நேர்ல பேசலாமா?" என்று மட்டும். திடீரென்று மெயில் வந்து விழுந்தால் சிலர் அதை நோட்டீஸ் மாதிரி எடுத்துக்கொள்வார்கள். மெயிலை மேனேஜருக்கு அனுப்பி, மனிதவளப் பிரிவுக்கு நகல் போட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"ஜூலை 1 அன்று பணிக்குத் திரும்புகிறேன். தினமும் காலை 7.30 முதல் மாலை 4.30 வரை பணிபுரிய அனுமதி கேட்கிறேன். மொத்த வேலை நேரம் குறையாது. என் மகளுக்கு 15 மாதம் நிறைவடையும் 2025 ஏப்ரல் 16 வரை, எனக்குரிய இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும் சேர்த்து மாலையில் அரை மணி நேரமாக எடுத்துக்கொண்டு 4 மணிக்குக் கிளம்ப விரும்புகிறேன். 7, 11, 20 தேதிகளிலும் மாதத்தின் கடைசி வேலை நாளிலும் 6 மணி வரை இருப்பேன். பணம் செலுத்தும் பதிவுகளை மதியம் 3 மணிக்குள் முடித்து உங்கள் ஒப்புதலுக்கு அனுப்பிவிடுவேன். மாலையில் வரும் கேள்விகளுக்கு மறுநாள் காலை 9 மணிக்குள் பதில் இருக்கும். மூன்று மாதம் இப்படி நடத்திப் பார்த்து, செப்டம்பர் கடைசியில் சேர்ந்து பரிசீலிக்கலாம்."

இவ்வளவுதான். குழந்தை அழும், அத்தைக்கு முட்டிவலி, ரயிலில் கூட்டம் எதுவும் அதில் இல்லை. அதெல்லாம் உண்மைதான், ஆனால் அவற்றை எழுதினால் பேச்சு என் வீட்டுக்குள் போய்விடும். "அம்மாவை ஊர்லேர்ந்து வரச் சொல்லலாமே", "ஒரு ஆள் போட்டுக்கலாமே" என்று யோசனைகள் கிளம்பும். இன்னொன்றையும் வேண்டுமென்றே விட்டேன்: "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்ற வரி. நன்றிப் பெருக்கில் அதை எழுதிவிட்டால் நான்கு மணிக்குக் கிளம்பியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டம் சொல்வது இரண்டு இடைவேளை. இரண்டையும் சேர்த்து முன்கூட்டியே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் காப்பகம் இல்லை. இருக்க வேண்டும்தான், ஆள் எண்ணிக்கை 50ஐ எப்போதோ தாண்டிவிட்டது. காப்பகம் என்று பெயர்ப் பலகை போட்ட அறையில் பழைய வவுச்சர் கட்டுகள் அடுக்கிக் கிடந்தன. குழந்தை பெரம்பூரில், நான் அம்பத்தூரில் என்றால் இடைவேளையில் யாருக்குப் பால் கொடுப்பது? இதை மெயிலில் எழுதாமல் நேரில் ஒரே ஒரு தடவை சொன்னேன். மனிதவளப் பிரிவு மேடம் உடனே, "அரை மணி நேரம்தானே, சேத்து எடுத்துக்குங்க" என்றார். உரிமையாக உள்ளதை உரிமையாகவும், பேசி வாங்க வேண்டியதைப் பேச்சாகவும் தனித்தனியே வைத்ததால் அது எடுபட்டது. நேர மாற்றத்துக்கும் சேர்த்துச் சட்டத்தைத் தூக்கிக் காட்டியிருந்தால், அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள், நான் முழித்திருப்பேன்.

நேரில் பேசியபோது மேனேஜர் கேட்டதில் முக்கியமானவை மூன்று. "சாயங்காலம் அர்ஜென்ட் பேமென்ட் வந்தா யாரு போடுறது?" பெரிய தொகைகளை வங்கி வழியாக அனுப்பும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தே 24 மணி நேரமும் நடக்கிறது, பதிவு போடுவது நான், ஒப்புதல் கொடுப்பது அவர். மூன்று மணிக்குள் பதிவு வந்துவிட்டால் அவர் எட்டு மணிக்குக்கூட ஒப்புதல் கொடுக்கலாம். இது அவருக்கும் தெரியும், இருந்தாலும் நான் யோசித்திருக்கிறேனா என்று பார்த்தார். அடுத்து, "ஏழரைக்கு ஆபீஸைத் திறக்குறது யாரு?" தொழிற்சாலையில் முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கே தொடங்கிவிடுவதால் கேட்டும் கேன்டீனும் திறந்திருக்கும். கணக்கு அறைச் சாவி செக்யூரிட்டியிடம்தான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன் என்றேன்.

மூன்றாவதுதான் கஷ்டம். "உனக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களேம்மா?" இதற்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது. "கேட்டா அவங்களும் இந்த மாதிரி எழுதிக் கொடுக்கட்டும் சார், வேலை பாதிக்காதுன்னு காட்டுனா பாருங்க. எனக்கு மூணு மாசம் பாருங்க, சரியா வரலைன்னா நிறுத்திடலாம்" என்றேன். மூன்று மாதம் என்பதால்தான் அவர் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன். நிரந்தரமாக ஒன்றுக்குத் தலையாட்ட அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்.

நடுவில் அவர், "ஆறு மணி நேர வேலை, சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறியா?" என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். சிலருக்கு அது பொருத்தமாக இருக்கலாம், ஆனால் அடிப்படைச் சம்பளம் குறைந்தால் பிஎஃப்பும் கூடவே குறையும், மறுபடி பழைய சம்பளத்துக்கு வரும்போது அதைப் புதிதாகக் கேட்டு வாங்குவது போல ஆகிவிடும். வேலை மட்டும் பெரும்பாலும் குறையாது. என் கல்லூரித் தோழி ஒருத்தி அப்படி ஒத்துக்கொண்டு, ஆறு மணி நேரச் சம்பளத்துக்கு எட்டு மணி நேர வேலை பார்த்தாள்.

பேச்சு முடிந்த அன்றே, "இன்று பேசியபடி" என்று ஆரம்பித்து, ஒத்துக்கொண்டதை எல்லாம் மெயிலில் எழுதி அனுப்பினேன். "ஓகே, அப்ரூவ்டு" என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. அந்த இரண்டு சொல் முதல் மாதச் சம்பளத்திலேயே உதவிக்கு வந்தது. வருகைப் பதிவு இயந்திரத்தில் என் ஷிஃப்ட் இன்னும் ஒன்பது டு ஆறு என்றே இருந்தது. நான் ஏழரைக்குக் கைரேகை வைத்ததை அது கண்டுகொள்ளவில்லை, நான்கு மணிக்குப் போனதை மட்டும் பிடித்துக்கொண்டு பல நாட்களை அரை நாள் சம்பளமில்லா விடுப்பாகப் போட்டுவிட்டது. சம்பளச் சீட்டைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. மெயிலைக் காட்டியதும் சரிசெய்தார்கள். ஆகவே அனுமதி கிடைத்ததும், உங்கள் பெயரில் புது ஷிஃப்ட் ஏற்றியாயிற்றா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். மேனேஜர் சரி என்றது மெஷினுக்குத் தெரியாது.

காலை நேரம் நினைத்ததைவிட நன்றாகவே போனது. ஏழு இருபதுக்கு கேன்டீனில் முதல் ஷிஃப்ட்காரர்களோடு சூடாகப் பொங்கல், ஏழரைக்கு ஆளில்லாத கணக்கு அறை. அண்ணன் ஒன்பதுக்கு வரும்போது வங்கி ஒப்பீடு அவர் மேஜையில் இருக்கும். பால் எடுப்பதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை. கழிப்பறையில் எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். வவுச்சர் கட்டுகளை ஓரமாக நகர்த்தி, அந்தக் காப்பக அறைக்கே உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்கள். எடுத்த பாலை கேன்டீன் ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் பேக்கோடு பையில் எடுத்துப் போவேன். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை தாங்கும், வெளியே நான்கு மணி நேரம்தான், அதுவும் சென்னை வெயிலில் அவ்வளவு நேரம் நம்பி வைக்கக் கூடாது. பாட்டிலில் பெயரும் தேதியும் ஒட்டுங்கள். யாரோ காபிக்கு எடுக்கப் பார்த்த கதை எங்கள் ஆபீஸில் இன்னும் ஓடுகிறது.

கிண்டல் வந்தது. நான்கு மணிக்குக் கிளம்பும்போது "என்ன, இன்னைக்கு ஹாஃப் டேவா?" என்று தினம் ஒருவராவது கேட்பார். காலை ஏழரைக்கு நான் வருவதைப் பார்க்க அவர்கள் யாரும் அங்கே இல்லையே! முதலில் விளக்கம் சொன்னேன், பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டேன். மேனேஜருக்கு மட்டும் தினமும் கிளம்பும்முன் மூன்று வரி அனுப்புவேன்: இன்று முடிந்தது, நிலுவையில் இருப்பது, உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருப்பது. செப்டம்பர் கடைசியில் பரிசீலனைக்கு உட்கார்ந்தபோது அந்த மெயில்கள் போதுமானதாக இருந்தன. எந்த மாதமும் தாமதக் கட்டணம் கட்டவில்லை என்பதை அவரே சொன்னார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேதி வேலை நாட்களில் ஆறு மணி வரை இருந்தேன். அன்றெல்லாம் கணவர் சீக்கிரம் வந்துவிடுவார். அவருடைய காலண்டரிலும் 7, 11, 20 சிவப்பில் வட்டமிட்டிருக்கும். இது அவருடைய ஆபீஸிலும் கேட்டு வாங்கியதுதான். நேரம் மாற்றிக் கேட்பது அம்மாவின் வேலை மட்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், ஒரு கம்பெனி கொடுக்கக்கூடியது எவ்வளவோ அதற்குள்ளேயே முழுக் குடும்பமும் அடங்க வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் இப்படி அமையாது என்பதும் தெரியும். மிஷினில் நிற்பவர்களால் ஏழரைக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது, அவர்கள் கேட்கக்கூடியது எந்த ஷிஃப்ட் என்பதைத்தான். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பெண் வாரம் மாறும் ஷிஃப்டுக்குப் பதிலாக ஆறு மாதம் நிலையாகக் காலை ஷிஃப்ட் கேட்டு வாங்கினார். தன் இரண்டாவது ஷிஃப்டை இன்னொரு பெண்ணின் தலையில் கட்டாமல், அவரோடு பேசி மாற்றிக்கொண்டதாக எழுதிக் கொடுத்தார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு விடுப்புக் காலப் பணம் இஎஸ்ஐயிலிருந்து வருகிறது. "ஆறு மாசம் சும்மா சம்பளம் கொடுத்தோம், இன்னும் கேக்குறியா?" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்தலாம், மெதுவாக. பழைய மகாபலிபுரம் சாலையில் பிபிஓவில் இருக்கும் தோழிக்கு நேர மாற்றம் மறுக்கப்பட்டது, வெளிநாட்டு வாடிக்கையாளரின் நேரம் என்பது காரணம். அவள் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கினாள். அதைப் படித்துப் பார்த்தால் பிரச்சினை நேரம்தான், வேலை செய்யும் இடம் அல்ல என்று தெரிந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து என்று மாற்றிக் கேட்டாள், கிடைத்தது. ராஜினாமா செய்துவிடுவேன் என்பதைக் கடைசி வரை அவள் வாயிலிருந்து விடவில்லை. அதைச் சொல்வதானால் நிஜமாகவே செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் அந்த அரை மணி நேரம் முடிந்தது, இப்போது நாலரைக்குக் கிளம்புகிறேன். நடுவில் மேனேஜர் மாறினார். புதியவர் முதல் வாரமே "உங்களுக்கு மட்டும் என்ன தனி டைம்?" என்று கேட்டார். பழைய மெயிலையும் பரிசீலனைக் குறிப்பையும் அனுப்பி வைத்தேன், அதற்குப் பிறகு கேட்கவில்லை. போன மாதம் ஸ்டோர்ஸில் இருக்கும் ஒரு பெண் விடுப்பிலிருந்து போன் செய்து என் மெயிலின் நகலைக் கேட்டாள். கொடுத்தேன், ஆனால் அப்படியே அனுப்பாதே என்றேன். ஸ்டோர்ஸில் லாரிகள் இறங்குவது காலையில்தான், அவளுக்கு வேண்டியதோ பத்தரைக்கு வருவது. லாரி எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட் பதிவேட்டிலிருந்து ஒரு மாதக் கணக்கை எடுக்கச் சொன்னேன். செவ்வாயும் வெள்ளியும் தவிர மற்ற நாட்களில் பதினொன்றுக்கு முன்பு அனேகமாக வண்டியே வருவதில்லை என்று தெரிந்தது. மெயில் போய் ஒரு வாரம் ஆகிறது, இன்னும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு நினைவூட்டல் அனுப்பப் போகிறாள்.